லிவர்பூல் துறைமுகம், ராத்திரி, ஆயில் பெயின்டிங்: விளக்கு ஏன் ஒளிர மாட்டேன் என்கிறது?

கோவை வண்ணக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வாட்டர்கலர் கொஞ்சம் கைவந்திருக்கிறது, ஆயிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். தம்பி லிவர்பூலில் வேலை பார்க்கிறான். அவனும் தம்பி மனைவியும் முதலில் சந்தித்ததே அங்கே துறைமுகக் கரையில்தான். அதனால் அவர்கள் கல்யாண நாளுக்கு அந்த இடத்தையே ராத்திரிக் காட்சியாக, கொஞ்சம் காதல் மணக்க, 16 x 20 அங்குல கேன்வாஸில் வரைந்து அனுப்பலாம் என்று ஆசை. ஜான் அட்கின்சன் கிரிம்ஷா என்று ஒரு விக்டோரியா காலத்து ஓவியர், நிலவொளியில் துறைமுகத் தெருக்களாக வரைந்து தள்ளியிருக்கிறார், அவருடைய 1887ஆம் வருடத்து லிவர்பூல் படத்தை இணையத்தில் பார்த்ததிலிருந்து அந்த மாதிரிதான் வேண்டும் என்று மனசு அடம் பிடிக்கிறது. ஒரு பக்கம் கப்பல்களின் பாய்மரங்கள், இன்னொரு பக்கம் விளக்கெரியும் கடைகள், நடுவே ஈரமான தெரு.

தம்பி அனுப்பிய போட்டோவை வைத்து ஆரம்பித்தேன். ஆல்பர்ட் டாக் என்கிற பழைய கப்பல் துறைப் பக்கம் நின்றுகொண்டு, தண்ணீருக்கு அப்பால் அந்த இரண்டு கோபுரக் கட்டடம் தெரிகிற மாதிரி ராத்திரியில் எடுத்தது. அதில் பழைய பாய்மரக் கப்பல்களைச் சேர்த்தேன், கோபுரத்துக்குப் பின்னால் முழு நிலா வைத்தேன். வானத்துக்கு பிரஷ்யன் ப்ளூவும் கறுப்பும். விளக்குகளுக்கு கேட்மியம் யெல்லோ. படத்தை இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள், விளக்கெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின மாதிரி இருக்கிறது, எதுவும் ஒளிரவில்லை. தண்ணீரும் தண்ணீராகத் தெரியவில்லை. எங்கே சரி செய்ய வேண்டும், இதையே தொடரலாமா, புதிதாக ஆரம்பிக்க வேண்டுமா?

டிராயிங் மாஸ்டர் (ஓய்வு) எழுதியது:

படம் பார்த்தேன் மா. கோடுகள் நன்றாக இருக்கின்றன, கட்டடங்களின் பெர்ஸ்பெக்டிவ் சரியாகவே விழுந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். சிக்கல் முழுக்க வெளிச்சம் இருட்டு அளவில்தான்.

ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் படத்தை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வானம், கட்டடம், தண்ணீர் மூன்றும் ஒரே இருட்டாகக் கிடக்கும். அந்த ஒரே இருட்டின் மேல் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தால் அது பெயின்டாகத்தான் தெரியும். கிரிம்ஷாவின் படத்தை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள், அவர் வானம் நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப வெளிச்சமாக இருக்கும். நடுத்தரச் சாம்பல் என்றே சொல்லலாம். அதனால்தான் அதன் முன்னால் பாய்மரமும் கயிறும் தெரிகின்றன. கடைகளின் விளக்கு அந்த வானத்தைவிட ஒரு படிதான் மேலே போகிறது, ஆனாலும் நம் கண்ணுக்கு எரிகிறது. நிறம் சூடாக இருப்பதும் சுற்றிலும் படிப்படியாக மங்குவதும்தான் காரணம்.

டியூப் கறுப்பை எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள், இந்தப் படத்துக்கு அது வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பையும் கலந்தால் போதுமான இருட்டு வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, அம்பரைக் கூட்டினால் வெதுவெதுப்பான இருட்டு. கப்பலின் உடம்புக்கு ஒன்று, கடைத்தெரு நிழலுக்கு இன்னொன்று என்று வைத்தாலே பாதிப் படம் உயிர் பெறும். பிரஷ்யன் ப்ளூ பொல்லாதது, நகக்கண் அளவு போட்டாலே மொத்தக் கலவையையும் தன் பக்கம் இழுத்துவிடும். பழகும் வரை அதை விட்டுவிடலாம்.

கேன்வாஸின் வெள்ளையோடும் போராடாதீர்கள். முதலில் ரா அம்பர் என்கிற பழுப்பில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள் சேர்த்து, டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, முழுக்கப் பூசி, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் ஒரு பழுப்புத் தங்க நிறம் கிடைக்கும். அதன் மேல் அல்ட்ராமரைன், ஓக்கர், வெள்ளை மூன்றும் கலந்த மங்கலான பச்சைச் சாம்பலை மெல்லிசாகத் தேய்த்தால், அடியிலிருந்து அந்தத் தங்க நிறம் அங்கங்கே எட்டிப்பார்க்கும். நீங்கள் ஆசைப்படுகிற வானம் அங்கேயிருந்துதான் வரும். நிலாவைச் சுற்றி வானம் கொஞ்சம் வெளிச்சமாகவும், மூலைக்குப் போகப் போக இருட்டாகவும் இருக்கட்டும். ஈரம் காய்வதற்குள் காய்ந்த மென்மையான பிரஷால் எல்லைகளை லேசாகத் தடவிவிடுங்கள்.

இப்போது விளக்கு. நடுவில் ஊசித்தலை அளவுக்கு, ஏறக்குறைய வெள்ளையான எலுமிச்சை மஞ்சள். கொஞ்சம் தடிமனாக வைக்கலாம். அதைச் சுற்றி ஆரஞ்சு. அதற்கும் வெளியே, பின்னால் என்ன நிறம் இருக்கிறதோ அதிலேயே துளி பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. மூன்றும் ஈரமாக இருக்கும்போதே ஒன்றோடு ஒன்று கரைய வேண்டும். நீங்கள் காய்ந்த கறுப்பின் மேல் சுத்த மஞ்சளை வைத்திருக்கிறீர்கள், அதான் கரையவில்லை. அப்புறம், விளக்கு என்று ஒன்று எரிந்தால் அது எதன் மேலாவது விழ வேண்டும் இல்லையா? பக்கத்துச் சுவர், தெருக்கல், பாய்மரத்தின் ஒரு ஓரம் என்று எங்காவது அந்த ஆரஞ்சைக் கொஞ்சம் தெளியுங்கள். எல்லா விளக்குக்கும் ஒரே அளவு பிரகாசம் கொடுக்காதீர்கள். ஒன்றே ஒன்று ராணி, மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

தொடரலாமா என்று கேட்டீர்கள். இந்தக் கறுப்பின் மேல் தொடர வேண்டாம். புதுக் கேன்வாஸ் எடுங்கள்.

மெர்சிக்கரைத் தமிழன் எழுதியது:

அக்கா, நான் லிவர்பூலில்தான் இருக்கிறேன், அதனால் ஊர் விஷயமாக மட்டும் சொல்கிறேன். பெயின்டிங் பற்றி மாஸ்டர் சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நீங்கள் வரைந்திருக்கிற இரண்டு கோபுரக் கட்டடம் ராயல் லிவர் பில்டிங். அது 1911இல் திறந்தது. பக்கத்தில் இருக்கிற குமிழ்க் கூரைத் துறைமுக அலுவலகம் 1907, நடுவில் உள்ள கியூனார்ட் கட்டடம் அதற்கும் பிந்தியது. கிரிம்ஷா 1893இலேயே இறந்துவிட்டார். அவர் பார்த்த ஊரில் இது எதுவுமே கிடையாது. பாய்மரக் காடும் லிவர் கோபுரமும் ஒரே படத்தில் வந்தால் உங்கள் தம்பிக்கு உறுத்தாது, இந்த ஊர்க்காரர் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஒரே காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய ஊர் என்றால் ஆல்பர்ட் டாக் பக்கத்தில் இப்போதும் ஒன்றிரண்டு பாய்மரக் கப்பல்கள் கட்டிக் கிடப்பதுண்டு, ஒரே ஒரு கப்பலை வரையலாம். பழைய ஊர் என்றால் கோபுரத்தை விட்டுவிட்டு ஆல்பர்ட் டாக்கையே வரையுங்கள். 1846இல் திறந்த கிடங்குகள், சிவப்புச் செங்கல், தரைமட்டத்தில் தடித்தடியான வார்ப்பிரும்புத் தூண்கள். கிரிம்ஷா காலத்திலும் இருந்தது, உங்கள் தம்பி காலத்திலும் இருக்கிறது.

அடுத்தது நிலா. ஆல்பர்ட் டாக்கிலிருந்து லிவர் பில்டிங்கைப் பார்த்தால் நீங்கள் ஏறக்குறைய வடக்கே பார்க்கிறீர்கள். இவ்வளவு வடக்கே இருக்கிற ஊரில் நிலா கிழக்கே எழுந்து தெற்கு வானம் வழியாக மேற்கே போகும், அந்தக் கோபுரத்துக்குப் பின்னால் வந்து நிற்கவே நிற்காது. நிலா வேண்டும் என்றால் மறுபக்கம் திரும்பி, தெற்கே பார்த்து நில்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. இங்கே மெர்சி ஆற்றில் ஏற்ற இறக்கம் ரொம்ப அதிகம், பெரிய ஓதம் வரும் நாட்களில் 9, 10 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்கும். அவ்வளவு இறங்கினால் கப்பல் தரைதட்டிவிடும் என்பதால்தான் கதவு போட்டுத் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைக்கிற டாக்குகளைக் கட்டினார்கள். முதலாவது 1715லேயே வந்துவிட்டது. ஆகவே டாக்குக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடக்கும், பிம்பம் தெளிவாக விழும். சுவருக்கு வெளியே ஆறு சேற்றுப் பழுப்பு, எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும், அதில் கட்டடத்தின் பிம்பமெல்லாம் தெரியாது, வெளிச்சக் கீற்று மட்டும் சிதறும். உங்கள் படத்தில் எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, போன் கேமராவின் நைட் மோடை நம்பாதீர்கள். இருட்டையெல்லாம் அது தூக்கிக் காட்டிவிடும். நேரில் அந்த இடம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இப்போது கட்டடங்களுக்கெல்லாம் கலர் ஃப்ளட்லைட் வேறு போடுகிறார்கள், காதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கறுப்புக்காபி எழுதியது:

நிலா விஷயத்தில் மட்டும் நண்பரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஓவியம் என்ன வானிலை அறிக்கையா? துறைமுகக் காட்சி என்கிற வகையையே பிரபலமாக்கிய பழைய ஓவியர் கிளாட் லோரேன் இருபுறமும் மாளிகைகளை நிறுத்தி, நடுவில் தண்ணீர் வைத்து, சூரியனை நேர் எதிரே தொடுவானத்தில் வைத்தார். ஷீபா ராணி கப்பலேறுகிற 1648ஆம் வருடத்துப் படத்தில் இருக்கிற துறைமுகம் எந்த ஊரிலும் இல்லை, முழுக்கக் கற்பனை. ஆங்கில ஓவியர் டர்னர் அந்தப் படத்தின் மேல் பைத்தியமாகி, கார்த்தேஜ் நகரத்தைக் கட்டுகிற டைடோ ராணியை 1815இல் வரைந்து, தன் படங்கள் இரண்டை அதன் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்று உயிலே எழுதிவைத்துவிட்டுப் போனார். லண்டன் நேஷனல் கேலரியில் அப்படித்தான் தொங்குகின்றன. ஆக நிலா எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். ஒரு நிபந்தனை, அது நின்ற பிறகு மற்ற எல்லாமே அதற்குக் கட்டுப்பட வேண்டும். நிலா எதிரே இருந்தால் கட்டடங்களின் நம் பக்க முகம் இருட்டாகத்தான் இருக்கும், ஜன்னல் ஜன்னலாக வரைய முடியாது. நீங்கள் நிலாவையும் எதிரே வைத்து, சுவரில் செங்கல்லையும் எண்ணியிருக்கிறீர்கள்.

போட்டோவைப் பார்த்துக்கொண்டே வரைவதையும் கொஞ்சம் குறையுங்கள். விஸ்லர் என்கிற ஓவியர் லண்டனில் தேம்ஸ் நதியின் ராத்திரிக் காட்சிகளை வரைந்தபோது, மாலையில் போய் உற்றுப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டு வந்து, பிறகு ஸ்டுடியோவில் நினைவிலிருந்து வரைவாராம். நினைவில் தங்காத விவரம் படத்துக்கும் தேவையில்லை என்று கணக்கு. போட்டோவை நன்றாகப் பார்த்துவிட்டு மூடிவையுங்கள். தீப்பெட்டி அளவில் பென்சிலில் நாலைந்து கட்டம் போட்டு, மூன்றே மூன்று இருட்டு அளவு வைத்து வரைந்து பாருங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதைப் பெரிதாக்குங்கள்.

கோவை வண்ணக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்டர் சார், கறுப்பு வெள்ளையில் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. மெர்சிக்கரைத் தமிழன், ஆல்பர்ட் டாக் யோசனை பிடித்துவிட்டது. செங்கல் கிடங்கு, தூண்கள், கட்டிக் கிடக்கும் ஒரே ஒரு கப்பல், இவ்வளவுதான். தெற்கே பார்க்கிற மாதிரி வேறு போட்டோ கேட்டிருக்கிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். டாக்கில் விழுகிற பிம்பத்தை எப்படி அளந்து போடுவது? தூணையும் விளக்கையும் அப்படியே தலைகீழாக வரைந்தால் போதுமா? கப்பல் கயிறுகள் என் கையில் வடக்கயிறாக வருகின்றன, மெல்லிசாக இழுக்க என்ன வழி? இங்கே மழைக்காலத்தில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது, அதற்கு ஏதாவது உண்டா? அப்புறம் கரையில் ஒரு ஜோடி குடை பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி வைக்கலாம் என்று இருக்கிறேன். வைக்கலாமா?

சித்திரக்கூடம் அடுப்படி எழுதியது:

நான் படுக்கையறை மூலையில் வரைகிற ஆள், அதனால் இந்தச் சில்லறை வேலைகளெல்லாம் எனக்கு அத்துப்படி.

பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே செங்குத்தாக விழும், சாயாது. தண்ணீர் ஓரத்திலேயே நிற்கிற தூண் என்றால் தலைகீழாகப் போட்டால் சரி. ஆனால் ஒரு கட்டடம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், அதன் கீழ்ப்பகுதியின் பிம்பத்தைக் கரைச்சுவரின் பிம்பம் மறைத்துவிடும், மேல்பகுதி மட்டும்தான் தண்ணீரில் தெரியும். முழுக் கட்டடத்தையும் கவிழ்த்துப் போட்டால் ஏதோ தப்பாகத் தெரியும், என்ன தப்பு என்றுதான் புரியாது. வெளிச்சமான பொருளின் பிம்பம் கொஞ்சம் மங்கும், இருட்டான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுக்கும். விளக்கின் பிம்பம் மட்டும் சின்னச் சலனத்திலும் நீண்டு நம்மை நோக்கி வரும். தூரத்தில் நெருக்கமான சின்னக் கீற்றுகள், நம் பக்கம் வர வர அகலமான, இடைவெளி விட்ட கீற்றுகள். எல்லாக் கீற்றும் படுக்கைவசத்தில். முதலில் பிம்பத்தை மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே காய்ந்த தட்டைப் பிரஷை ஒரே ஒரு தடவை குறுக்கே ஓட்டுங்கள். இரண்டாவது தடவை ஓட்டினால் சேறாகிவிடும், ஜாக்கிரதை.

கயிறுக்கு ரிக்கர் என்றே ஒரு பிரஷ் உண்டு. நீளமான மெல்லிய முடி, கப்பல் கயிறு வரைவதற்கென்றே வந்தது, பெரிய ஆர்ட் கடைகளில் கிடைக்கும். பெயின்டைத் தண்ணீர்ப் பதத்துக்கு இளக்கி, பிரஷை முழுக்க நனைத்து, விரலை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டுங்கள். வானம் முழுக்கக் காய்ந்த பிறகுதான், ஈர வானத்தில் இழுத்தால் கோடு வானத்தோடு கலந்துவிடும். தப்பினால் டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம், அதுவும் காய்ந்த வானத்தில்தான் நடக்கும். கை நடுங்கினால் கேன்வாஸின் குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்து அதன் மேல் மணிக்கட்டை வையுங்கள், பழைய ஆட்களும் அப்படித்தான். முக்கியமாக, எல்லாக் கயிறையும் வரையாதீர்கள். பாய்மர உச்சியில் ஆரம்பித்து நடுவழியில் காணாமல் போகிற கயிறுதான் அழகு.

காய்வது பற்றி. ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் காற்றோட்டமும் வெளிச்சமும் வேண்டும், பீரோவுக்குள் வைத்து மூடினால் காய லேட்டாகும், பெயின்டில் இருக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கவும் செய்யும். அம்பர் கலந்த நிறங்கள் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் ரொம்ப நேரம் எடுக்கும். உங்கள் வானம் காய லேட்டானதற்கு அந்தக் கறுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அடி அடுக்குகளில் டர்பென்டைன் கூடுதலாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகி, பின்னாடி வெடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டு வைக்காதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், உண்மையாகவே. விரித்து வெளியே காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் டர்பென்டைனை எடுக்க வேண்டும், குழந்தைகள் தூங்குகிற அறை என்றால் வேண்டவே வேண்டாம்.

வார்னிஷ் அடிக்கிற அளவுக்குப் படம் காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். கல்யாண நாள் எப்போது என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்குள் அனுப்ப வேண்டும் என்றால் வார்னிஷ் இல்லாமலே அனுப்பிவிட்டு, பின்னாடி தம்பியை அடிக்கச் சொல்லுங்கள்.

டிராயிங் மாஸ்டர் (ஓய்வு) எழுதியது:

குடை பிடித்த ஜோடி வேண்டாம் மா. கடைகளில் விற்கிற அச்சடித்த படங்களில் எல்லாம் அந்த ஜோடிதான் நிற்கிறது, சிவப்புக் குடையோடு. கிரிம்ஷா தெருவில் பெரும்பாலும் முகம் தெரியாத ஆட்களைத் தூரத்தில் விட்டுவிடுவார், தனியாக நடக்கிற ஒரு பெண், ஒரு வண்டி, அவ்வளவுதான்.

ஆனால் இது பரிசு, ஆகவே இருவர் இருக்கட்டும். பின்பக்கம் காட்டி, தூண்களுக்கு நடுவே, விரல்நகத்தைவிடப் பெரிதாகாமல். நீங்கள் தரையில் நின்று பார்க்கிற காட்சி என்றால் அவர்கள் தலை தொடுவானக் கோட்டிலேயே வரும், தூரம் தள்ளி நின்றாலும் அதேதான், கால்தான் மேலே ஏறும். முகம், விரல் எதுவும் வேண்டாம். இரண்டு இருட்டுத் திட்டு, தோள் பக்கத்தில் விளக்கின் ஆரஞ்சு ஒரு கீற்று. இரண்டு திட்டுக்கும் நடுவில் இடைவெளி விடுவதா, ஒட்ட வைப்பதா என்பதை மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போடுங்கள், அப்போதுதான் படமே சொல்லும்.

கோவை வண்ணக்காரி எழுதியது:

குடை போயே போச்சு. புதுக் கேன்வாஸில் ரா அம்பர் பூசித் துடைத்து மொட்டைமாடி அறையில் வைத்திருக்கிறேன், துணியைக் கொடியில் விரித்தாயிற்று. தம்பி தெற்குப் பக்கப் போட்டோ அனுப்பியதும் பென்சில் கட்டங்களை இங்கே போடுகிறேன், யாரும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள். ரிக்கர் பிரஷ் கோவையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.